பள்ளம் தெரியாத இடம்

கொடைக்கானலுக்குப் போவது என்று ஆனதும் எங்கள் வீட்டில் முதலில் முடிவானது, அங்கே எந்தெந்த இடத்துக்குப் போகக் கூடாது என்பதுதான்.

எங்கள் ஊர் வத்தலக்குண்டு. மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர். மொட்டை மாடியில் ஏறி நின்றால் மேற்கே மலை வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கும். தினமும் கண்ணில் படுவதாலோ என்னவோ, மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் பெரிதாகத் தோன்றியதில்லை. அது 2006. குறிஞ்சி பூத்த வருஷம். செப்டம்பரில் பேப்பரைத் திறந்தால் நீலப்பூ படம். மலைக்குப் போகும் பஸ்ஸில் எல்லாம் படிவரைக்கும் கூட்டம்.

என் கணவர் செபாஸ்டின் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். திண்டுக்கல்லுக்கும் தேனிக்கும் இடையில் ஓடிய வண்டி அது. அப்பா இறந்த பிறகு அம்மாவும் என் தங்கை ஆக்ஸிலியாவும் எங்களோடுதான் இருந்தார்கள். ஆக்ஸிலியா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் டைப் அடிக்கும் வேலை பார்த்தாள். அந்த ஜூலையில் அவளுக்கு நிலக்கோட்டையில் மாப்பிள்ளை நிச்சயமாகி, கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறுகளில் பூசை முடியும் நேரம் பொண்ணு மாப்பிள்ளை பெயரைப் பீடத்திலிருந்து வாசிப்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் சொல்ல வேண்டும் என்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பெயர். முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாவதும் வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்துவிட்டு, நோயாளிகளுக்கான செபத்துக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாள் சாயங்காலம் சாமியார் தங்கும் அறைவீட்டுக்கு வந்து இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்லி அனுப்பிய ஆள் வந்து சேரவில்லை. ஊர் எப்போது தெரிந்துகொண்டதோ அதே நொடியில்தான் நாங்களும் தெரிந்துகொண்டோம்.

ஆக்ஸிலியா புதுச் சேலையில் என் பக்கத்தில் நின்றிருந்தாள். முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. கடைசிப் பாட்டை முழுக்கப் பாடினாள். வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைத்தாள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போன அம்மா வெறுங்கையோடு இறங்கி வந்தாள். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு மேலே கையைக் காட்டினாள். என் கணவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினார். பின்னாலேயே போன நான் படியின் திருப்பத்தில் நின்றுகொண்டேன். கைப்பிடிச் சுவர் மேல் ஆக்ஸிலியா உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தன.

அவர் ஓடவில்லை, கத்தவில்லை. நிதானமாகப் போய் அவளுக்குப் பக்கத்தில், சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"இன்னைக்கு வண்டியில ஒரு கெழவி ஆட்டுக்குட்டியோட ஏறிருச்சு ஆக்ஸி. குட்டிக்கு டிக்கெட்டுன்னேன். மடியில வச்சுக்கிறேன், மடிக்கும் டிக்கெட்டாங்குது."

அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

"சரி, எறங்கு. கொசு கடிக்குது. உங்க அம்மா காப்பி போட்டுருக்கா" என்று கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக் காலை உள்ளே எடுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து அவள் தனியாக இருக்கும்படி நாங்கள் விட்டதில்லை. மாடிக் கதவுக்குப் பூட்டு வந்தது. நான் பள்ளிக்கூட ஆபீசில் வேலை முடிந்து வரும்வரை அம்மா. நான் வந்த பிறகு நான். ஆனால் அவளிடம், நீ எதற்காக அங்கே உட்கார்ந்திருந்தாய் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை வாயால் கேட்டுவிட்டால், அவள் மனசில் இல்லாததும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும் என்று அம்மா பயந்தாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் சாப்பிடும்போது ஆக்ஸிலியா தானாகவே கேட்டாள்.

"மச்சான், கொடைக்கானல் போவமா? மேலருந்து நம்ம ஊரப் பாக்கணும்."

அம்மாவின் கரண்டி குழம்புச் சட்டியிலேயே நின்றுவிட்டது. என் கணவர் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "போவமே. லீவு சொல்றேன்" என்றார், சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்டதற்குச் சொல்வதுபோல.

அவள் குளிக்கப் போன பிறகு அம்மா பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மாப்ள. மலையும் வேணாம், மண்ணும் வேணாம். எதுக்குக் கேக்குறான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"மாட்டேன்னு சொன்னா தனியாப் போயிருவா அத்தை. பஸ்ஸு நம்ம வாசல்லதான் போகுது. நாம கூட்டிட்டுப் போனா, நாம நிக்கச் சொல்ற எடத்துல நிப்பா. ஒரு தடவ பாத்துட்டா அந்த ஆசையும் தீந்து போகும்."

"அங்க பூராம் பள்ளமால்ல கெடக்கு."

"கம்பி போட்ட எடத்துக்கு மட்டும் போவம். போனாலும் பள்ளத்துக்கும் அவளுக்கும் நடுவுல நான் நிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நில்லுங்க. எனக்கென்ன, இத்தன வருசமா ரோட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டுத்தானே பொழப்பு ஓடுது."

அது நிஜம். ஓடுகிற பஸ்ஸில் அவர் முன்பக்கம் பார்த்து நின்று நான் கண்டதில்லை. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் கம்பியில் முதுகைக் கொடுத்து, சனங்களைப் பார்த்தபடியே நிற்பார். கூட்டத்தை உள்ளே தள்ளுவதற்கு, "உள்ள வாங்க, உள்ள எடம் கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடப்பார். பின்னால் எத்தனை அடி இருக்கிறது, எங்கே மூட்டை இருக்கிறது, எங்கே படி வருகிறது என்பதெல்லாம் அவர் முதுகுக்குத் தெரியும்.

அம்மா கடைசியில் சம்மதித்தாள். ஒரு கட்டளையும் போட்டாள்.

"டாக்சிக்காரன்ட்ட ஒரு வார்த்த மூச்சு விடக் கூடாது. ஓலை நின்னு போனது இந்த ஊருக்குத் தெரிஞ்சது பத்தாதுன்னு அந்த ஊருக்கும் தெரியணுமா? எனக்குத் தலசுத்து, பள்ளத்தப் பாத்தா வரும்னு சொல்லிருங்க. அதுதான் நல்லது."

அது நல்ல யோசனையாகத்தான் எங்களுக்கும் பட்டது.

வெள்ளனே கிளம்பிப் போனோம். மலையில் ஏறும்போது ஆக்ஸிலியா ஜன்னல் ஓரம் கேட்டாள். என் கணவர் அவளை நடுவில் உட்கார வைத்துவிட்டு, "ஜன்னல் ஓரம் வாந்தி வரும்" என்றார். அவள் அவர் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கொடைக்கானல் ஸ்டாண்டில் இறங்கியதும் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அதில் அதட்டாமல் பேசிய ஒருவரைப் பிடித்தோம். பெயர் திருமலைச்சாமி. சொந்த ஊர் பூண்டி, அண்ணன் தம்பிகள் பூண்டு, கேரட் போடுகிறார்கள், இவர் மட்டும் வண்டிக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். பழுப்பு ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், வெள்ளை அம்பாசிடர். கையில் பிளாஸ்டிக் போட்ட அட்டை ஒன்று, அதில் இடங்களின் படம்.

"மொத சூசைட் பாயிண்ட் பாத்துட்டு, அப்படியே பில்லர் ராக்ஸ் போயிட்டு..."

அம்மா என் புஜத்தை இறுக்கினாள். நகம் பதிந்தது.

"இப்பப் பேர மாத்திட்டாங்கம்மா. கிரீன் வேலி வியூங்கிறாங்க. ஆனா பழைய பேரச் சொன்னாத்தான் பார்ட்டிக்கு வெரசாப் புரியுது."

"அது வேணாம்" என்றார் என் கணவர்.

"எல்லாரும் அதத்தான் மொதக் கேப்பாங்க. வேலியெல்லாம் போட்டுருக்குங்க."

"இவங்களுக்குத் தலசுத்து. பள்ளத்தப் பாத்தா மயக்கம் வந்துரும்."

"அப்ப டால்பின் நோஸும் ஆகாது. அது வெறும் பாறை நீட்டிக்கிட்டு நிக்கும். நடையும் ஜாஸ்தி." திருமலைச்சாமி அட்டையில் விரலை வைத்து நகர்த்தினார். "ஏரியில போட்டிங் போறீங்களா?"

"தண்ணியும் வேணாம்" என்றாள் அம்மா.

அவர் குல்லாயைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "தலசுத்துக்கும் தண்ணிக்கும் என்னங்கம்மா சம்பந்தம்?"

"போட்டு ஆடும்ல?" என்றேன் நான்.

"ஆடும், ஆடும்." அவர் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். "அப்ப பார்க்கு. பார்க்குல பூ இருக்கும். பூவப் பாத்தா ஒண்ணும் வராதுல்ல?"

ஆக்ஸிலியா அதுவரை எதிர்ச்சுவரில் இருந்த குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி, "அண்ணே, எங்க நின்னா வத்தலக்குண்டு தெரியும்?" என்று கேட்டாள்.

"கோக்கர்ஸ் வாக்குல தெரியும் பாப்பா. மேகம் விலகுனா ஊரு, கொளம், வைகை டேமு எல்லாம் பொம்ம மாதிரி கெடக்கும். நெடுகக் கம்பி போட்டுருக்கு, நடக்க நல்லாருக்கும்."

"அங்க போவம் மச்சான்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் தலை வேண்டாம் என்று லேசாக ஆடியது. ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இடம் அது. நல்ல கம்பி. நடக்கும் பாதை முழுக்கச் சனங்கள். இருந்தாலும் அவளே கேட்ட இடம் என்பதால் அந்த இடம் எங்களுக்கு ஆகவில்லை.

"கடைசியாப் போவம்" என்றார் அவர். அதற்கு அர்த்தம் போகப்போவதில்லை என்பது. ஆக்ஸிலியாவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். வண்டியில் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் சலேத் மாதா கோயிலுக்குப் போனோம். அம்மா வெகுநேரம் முழங்காலில் நின்றாள். வெளியே வந்தபோது, மலையில் மஞ்சு என்று சொல்லும் மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. எதிரே இருந்த மரங்கள் ஒவ்வொன்றாக நரைத்து, பிறகு இல்லாமல் போயின. திருமலைச்சாமி பகலிலேயே முகப்பு விளக்கைப் போட்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து ஓட்டினார்.

பில்லர் ராக்ஸில் நல்ல கூட்டம். கம்பி இடுப்புக்கு மேல் உயரம். சொன்னபடியே என் கணவர் முதலில் போய்க் கம்பியில் முதுகைச் சாய்த்து, எங்களைப் பார்த்தபடி நின்றார். ஆக்ஸிலியா அவருக்கு எதிரே. ஆளுக்கொரு பக்கம் நானும் அம்மாவும். மதுரைப் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் கேமராவோடு வந்தார்கள்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோங்க. பாறைய மறைக்கிறீங்க."

"பாறை எங்கய்யா இருக்கு? வெள்ளையால்ல கெடக்கு. நான் ஒருத்தன்தான் தெரியிறேன், என்னையே எடுத்துக்கோ."

"உங்கள எங்கண்ணே மாட்டுறது?"

"பஸ்ஸுல மாட்டு. திருடனுக பயப்படுவானுக." பிறகு குரலை மாற்றி, கையைத் தட்டி, "ஏ, உள்ள வாங்க, உள்ள வாங்க, நடுவுல எடம் கெடக்கு, வாசல மறைக்காத, பெருமாள் கோயில் ஸ்டாப்பிங் யாரு?" என்று ஆரம்பித்துவிட்டார். பையன்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். முன்பின் தெரியாத ஒரு அம்மாள், "நான் நெஜமாவே பெருமாள் கோயில் தெருதாம்ப்பா" என்றாள்.

ஆக்ஸிலியா சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனி ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தோன்றியது. அப்படி ஒரு நாளும் தோன்றியிருக்கவில்லை.

பசி எடுத்தது. வீட்டிலிருந்து கட்டி வந்த எலுமிச்சைச் சோறு இருந்தது. உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டும். என் கணவர் திருமலைச்சாமியிடம் கேட்டார்.

"பள்ளமே கண்ணுல படாத எடமா ஒண்ணு சொல்லுங்கண்ணே. கூட்டமும் வேணாம். இவங்க நிம்மதியா உக்காரணும்."

திருமலைச்சாமி அட்டையைப் பார்க்கவில்லை. நிஜமாகவே யோசித்தார். அம்மாவை ஒரு தரம் பார்த்தார்.

"எங்க ஊர் ரோட்டுல ஒரு எடம் இருக்கு. இந்த அட்டையில எல்லாம் இருக்காது, அதுக்குப் பேரே கெடையாது. இப்பக் குறிஞ்சி நெறஞ்சு கெடக்கு. பள்ளம் தெரியாதும்மா. ஒரு சொட்டுத் தெரியாது. நீங்க தைரியமா உக்காரலாம்."

"அங்கருந்து வத்தலக்குண்டு தெரியுமாண்ணே?" என்றாள் ஆக்ஸிலியா.

"அது முதுகுக்குப் பின்னாலதான பாப்பா கெடக்கு. நாம போறது எதிர்ப் பக்கம்."

அதைக் கேட்டதும் அம்மா, "அங்கயே போவம்" என்றாள்.

வெகுதூரம் போனோம். சவுக்கு மாதிரி நெட்டையான மரங்கள் முடிந்து, புல்மேடுகள் வந்தன. எதிரே வண்டி வந்தால் முதலில் இரண்டு மஞ்சள் வட்டம் தெரியும், அப்புறம்தான் வண்டி. காய்கறி மூட்டை ஏற்றிய ஒரு லாரியைத் தவிர வேறு எதையும் காணவில்லை. என் கணவர் விசிலை வாயில் வைத்து, ஊதாமல் சும்மா கடித்துக்கொண்டிருந்தார். லீவு நாளிலும் அது அவர் சட்டைப் பையில் இருக்கும்.

வண்டி நின்ற இடத்தில் ரோட்டை ஒட்டிச் சமமான புல்தரை. அதற்கப்பால் இடுப்பளவு உயரத்தில் குறிஞ்சிச் செடிகள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பூ, பூ, பூ. அதற்குப் பின்னால் வெறும் வெள்ளை. பார்க்கிறவர்களுக்கு அது பூந்தோட்டத்துக்கு வேலி கட்டின மாதிரிதான் இருக்கும். அந்தப் பூவில் வாசனை இல்லை. தேனீக்களின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மஞ்சுக்குள் அந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை.

"பூவப் பறிச்சுறாதீங்க. செடிக்குள்ளயும் போவேணாம். பாரஸ்ட் கார்டு பாத்தா கேஸு போட்டுருவான்" என்று சொல்லிவிட்டுத் திருமலைச்சாமி பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

அம்மா புல்லில் துண்டை விரித்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக ஆக்ஸிலியாவின் பக்கம் பாராமல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். இங்கே யாரும் யாருக்கும் காவல் நிற்க வேண்டியதில்லை என்ற நினைப்பு எங்கள் மூவருக்கும் ஒரே சமயத்தில் வந்தது.

ஆக்ஸிலியா பூவைப் பார்த்து நடந்தாள். என் கணவர் பழக்கத்தில் எழுந்து அவளை முந்திக்கொண்டு போய்த் திரும்பி நின்றார். அவள் ஓரடி எடுத்து வைக்க, அவர் ஓரடி பின்னால் போனார். நான் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்த கேமராவை உறையிலிருந்து எடுத்தேன்.

"என்ன மச்சான், காலையிலருந்து ஒரு எடமும் நீங்க பாக்கலையே. பூராம் என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க."

"உன்னைய விடப் பெரிய வியூ பாயிண்டு இங்க எது?"

"டிக்கெட் எடுக்காம எறங்கி ஓடிருவேன்னு பயமா?"

அவர் கொஞ்சம் தாமதித்துத்தான் சிரித்தார். "ஓடுனா விசில் அடிச்சிருவேன்ல."

"அக்கா, மச்சானையும் சேத்து எடு."

கண்ணாடிக்குள் இருவரும் தெரிந்தார்கள். அவர் செடிகளுக்கு முன்னால், முகம் எங்கள் பக்கம். ஆக்ஸிலியா பக்கவாட்டில், ஒரு பூங்கொத்தைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். அவளுக்கு இடம் விடுவதற்காக அவர் பின்னால் போனார். பஸ்ஸில் போவதுபோலவே, திரும்பிப் பாராமல், முதுகால் செடியை விலக்கிக்கொண்டு. வலது கை அவளைக் கூப்பிடுவதுபோல் உயர்ந்தது.

"உள்ள வா, உள்ள எடம் கெடக்கு" என்றார்.

நான் பட்டனை அழுத்தினேன். கேமராவை இறக்கினபோது அவர் அங்கே இல்லை. விலகின செடிகள் மெதுவாக ஒன்றுசேர்ந்துகொண்டிருந்தன.

சத்தமே வரவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார், விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஆக்ஸிலியாவும் அப்படித்தான் நினைத்தாள். "மச்சான்" என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். வெகு கீழே கல் உருளும் ஓசை, ஓய்ந்து, மறுபடி கேட்டது.

அவள் அலறிக்கொண்டு செடிக்குள் பாய்ந்தாள். நானும் அம்மாவும் எப்படி அவ்வளவு தூரத்தைக் கடந்தோம் என்று தெரியாது. அம்மா அவள் இடுப்பைப் பிடித்தாள், நான் துப்பட்டாவையும் தலைமுடியையும் சேர்த்துப் பிடித்தேன். மூவரும் புல்லில் விழுந்தோம்.

"விடுக்கா! மச்சான்... மச்சான பாக்கணும், விடு!"

நாங்கள் விடவில்லை. அவளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா, "போயிராதடி, போயிராதடி" என்று கத்தினாள். திருமலைச்சாமி ஓடி வந்து, மண்டியிட்டு, செடியை விலக்கிக் கீழே பார்த்தார். அவர்தான் பார்த்தார். நான் போய்ப் பார்க்கவில்லை. என் கை ஆக்ஸிலியாவின் முடியைப் பிடித்திருந்தது.

பூண்டியிலிருந்து ஆட்கள் கயிறோடு வந்தார்கள். மஞ்சு விலகினால்தான் இறங்க முடியும் என்றார்கள். மறுநாள் காலையில் விலகியது. அந்தச் செடிகளுக்கு ஓரடி பின்னால் தரை இல்லை. வேர்கள் வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. அதற்கும் கீழே, அவ்வளவு தூரத்துக்கு, பச்சைப் பசேலென்று பள்ளம். அந்த மலையில் எத்தனையோ பார்வை முனைகள். அன்று நான் பார்த்த ஒரே காட்சி அதுதான்.

போலீஸ்காரர் கேட்டபோது திருமலைச்சாமி குல்லாயைக் கையில் கசக்கிக்கொண்டு சொன்னார்: "அந்தம்மாவுக்குப் பள்ளத்தப் பாத்தாத் தலசுத்தும்னாங்க சார். அதான் கண்ணுக்குத் தெரியாத எடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போனேன். பள்ளமே இல்லாத எடம் வேணும்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, நான் ஏன் சார் அங்க போறேன்? பார்க்குல எறக்கி விட்டுருப்பேன்." அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதும் அவள் காரணத்தைச் சொல்லவில்லை. ஆக்ஸிலியாவுக்கு அங்கேதான் எல்லாம் புரிந்தது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸில் அவரைக் கொண்டு இறங்கும்போது ஒரு வளைவில் மேகம் முழுதும் விலகி, கீழே வத்தலக்குண்டு தெரிந்தது. கோயில் கோபுரம், பஸ் ஸ்டாண்டு, குளம். திருமலைச்சாமி சொன்ன மாதிரியேதான், பொம்மை மாதிரி. ஆக்ஸிலியா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அன்று அவளை நடுவில் உட்காரச் சொல்ல யாருமில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தவர்கள் போன பிறகு, ஆக்ஸிலியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் அன்னைக்கு மாடியில உக்காந்துருந்தது அதுக்கில்லக்கா."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"ஓலை வாசிக்காமப் போன அன்னைலருந்து இந்த ஊரு ரொம்பப் பெருசாத் தெரிஞ்சிச்சு. எந்தத் தெருவுல போனாலும் முடியவே மாட்டேங்குது, எல்லா வாசல்லயும் ஆளு நிக்குது. மேலருந்து ஒரு தடவ பாத்தா, இம்புட்டுத்தானான்னு இருக்கும்னு நெனச்சேன். மாடியில உக்காந்து மலையப் பாக்கும்போது அதான் நெனச்சுக்கிட்டுருந்தேன். அந்தா அந்த எடத்துல நின்னா நம்ம வீடு கடுகு மாதிரி தெரியும்னு."

"சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க யாரும் கேக்கலையே."

பிறகு வருஷங்கள் போய்விட்டன. ஆக்ஸிலியா கம்ப்யூட்டர் கடைக்குத் திரும்பிப் போனாள், இப்போது அந்தக் கடையே அவளுடையது. அம்மா படுத்த படுக்கையாகி, போன ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பில் போய்ச் சேர்ந்தாள். அந்த ரோட்டோரத்தில் யாரோ முள்கம்பி கட்டியிருக்கிறார்களாம். எங்கள் தெருப் பையன் ஒருவன் கொடைக்கானலுக்குப் போய் வந்து, டாக்சிக்காரர்கள் அந்த இடத்தை இப்போது கண்டக்டர் பாயிண்ட் என்று சொல்கிறார்கள் என்றான். யார் அந்தக் கண்டக்டர் என்று அவனுக்குத் தெரியாது. பேரில்லாத இடத்துக்கு அவரால் ஒரு பேர் கிடைத்திருக்கிறது.

அந்த ஃபிலிமைக் கழுவித் தந்தார்கள். எல்லாப் படத்திலும் அவர் இருக்கிறார். எல்லாப் படத்திலும் அவருக்குப் பின்னால் வெள்ளைதான். எதிலும் அவர் கேமராவைப் பார்க்கவில்லை.

மாடிக் கதவின் பூட்டு மட்டும் இன்னும் இருக்கிறது. சாவி ஆக்ஸிலியாவிடம். துணி எடுக்க வேண்டும் என்றால் அவள்தான் திறந்து விடுவாள், கூடவே வருவாள். போன வாரம் சாயங்காலம் மழை மேகம் கூடி வந்தது என்று நான் அவசரமாக ஏறினேன். அவள் படியை இரண்டிரண்டாகத் தாண்டி என்னை முந்திக்கொண்டாள். கொடியிலிருந்து சேலையை நான் உருவும்போது பார்த்தேன். கைப்பிடிச் சுவருக்கும் எனக்கும் நடுவில் நின்றிருந்தாள், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி. சுவர் அவள் முழங்காலுக்குச் சற்று மேல்தான் வரும். நான் சேலையோடு ஓரடி முன்னால் போனேன். அவள் ஓரடி பின்னால் போனாள்.

நான் அப்படியே நின்றேன்.

"எனக்கு அந்த நெனப்பெல்லாம் இல்லடி" என்றேன்.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேளு."

அவள் கேட்கவில்லை. நான் சொன்னதை நம்பினாளா என்பதும் தெரியவில்லை. நாங்களும் அவளை நம்பி இருந்தவர்கள் இல்லை. தூறல் விழத் தொடங்கியது. அவளுக்குப் பின்னால் மலை பாதி மறைந்துவிட்டது.

"நிக்கிறதுன்னா நில்லு ஆக்ஸி" என்றேன். "ஆனா திரும்பி நில்லு. என்னையப் பாக்காத. பள்ளத்தப் பாத்து நில்லு."